உப்பளச் சாலையில் மீண்டும் மிதிவண்டி

“டாக்டரம்மா, நீங்க தினம் நடக்குறீங்களா?”

மூன்று ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு பெண்மணி என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் நோயாளியாக வந்தவர் அல்லர். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் கணவருக்குத் துணையாக வருபவர். மரக்காணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கணவரை அழைத்து வருவார்; நான்கு மணி நேரம் கூடத்தில் காத்திருப்பார்; மீண்டும் அழைத்துச் செல்வார். அன்று காத்திருந்தபோது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சோதித்துப் பார்த்ததில் இரத்தச் சர்க்கரை 340 இருந்தது. தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: “தினமும் அரை மணி நேரம் நடங்கள்.” அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதில் குத்தல் ஏதும் இல்லை. வேலை செய்யும் மற்றொரு பெண் எப்படி நேரம் கண்டுபிடிக்கிறாள் என்று அறிந்துகொள்ளவே அவர் விரும்பினார்.

“நடக்கிறேன்” என்றேன். அது பொய்.

அவர் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். நோயாளிகளும் உடனிருந்து பார்த்துக்கொள்பவர்களும் படிக்கும் இந்த இதழில் ஒரு மருத்துவர் தம் பொய்யை ஏன் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். “உடற்பயிற்சி செய்யுங்கள்” என்று நாங்கள் சொல்லும் முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது என்பது என் கருத்து. அந்தப் பிழையை நான் கண்டுகொண்டது என் பொய்யின் வழியாகத்தான்.

பதினொரு நாள் நடை

அன்று மாலை என்னையே சோதித்துக்கொண்டேன். வயது 44. இரத்த அழுத்தம் 142/92. சர்க்கரை, நோயென்று சொல்ல முடியாத, நலமென்றும் சொல்ல முடியாத எல்லைக்கோட்டில் நின்றது. என் தந்தைக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அது சிறுநீரகத்தை ஓசையின்றிக் கெடுப்பதைப் படித்தவள் நான். நாள்தோறும் பார்ப்பவளும் கூட. மறுநாளே நடைப்பயிற்சியைத் தொடங்கினேன். காலணி வாங்கினேன். அடிகளைக் கணக்கிடும் கைக்கடிகாரமும் வாங்கினேன். பதினோராம் நாள் இரவுப்பணி முடிந்து வந்து படுத்தவள், பிறகு அந்தக் காலணியைத் தொடவில்லை.

எனக்கு அறிவு குறைவா? இல்லை. அச்சம் குறைவா? அதுவும் இல்லை. நடை எனக்கு ஒரு கடனாக இருந்தது. ஒவ்வொரு நாளும் தவணை கட்டினேன். ஒரு நாள் தவறியதும் குற்ற உணர்வு வந்தது. அதிலிருந்து தப்பிக்க முழுவதையும் கைவிட்டேன். என் நோயாளிகள் பல ஆண்டுகளாக என்னிடம் சொல்லி வந்ததும் இதையேதான். “விட்டுப் போச்சு டாக்டர்” என்று அவர்கள் தலைகுனிந்து சொல்லும்போதெல்லாம் நான் அவர்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன்.

அப்பாவின் வண்டி

நான் பிறந்து வளர்ந்தது மரக்காணத்தில். என் தந்தை உப்பளத்தில் கணக்கு எழுதியவர். கடலுக்கும் ஊருக்கும் நடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகப் பாத்திகள் இருக்கும். உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்குவார்கள். வெயிலில் அது வற்றி அடர்த்தியாக ஆக, அடுத்த பாத்திக்கும் அதற்கடுத்த பாத்திக்கும் மாற்றுவார்கள். அடர்த்தி மிகும் நிலையில் சில பாத்திகளின் நீர் செம்மை கலந்த இளஞ்சிவப்பாக மாறும். உப்பைத் தாங்கி வாழும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது. கடைசிப் பாத்தியில் உப்புப் பூத்ததும் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். ஆண்டின் தொடக்கத்தில் வேலை ஆரம்பிக்கும். ஐப்பசி மழை வந்து பாத்திகளை மூழ்கடிக்கும்போது அந்த ஆண்டின் உப்பு முடிந்தது.

அந்த வரப்புகளின் ஊடே செல்லும் மண்பாதையில்தான் நான் மிதிவண்டி கற்றேன். ஒரு மணி நேரத்திற்கு ஒரு ரூபாய் வாடகை. சிறு வண்டி கிடைக்காத நாளில் அப்பாவின் உயரமான வண்டியில் குரங்குப் பெடல்: பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து, பாதிப் பாதியாக மிதித்துப் போவோம். விழுந்த இடத்தில் முழங்கால் சிராய்ந்து, அதில் உப்பு மண் பட்டு எரிந்த எரிச்சல் இன்றும் நினைவிருக்கிறது. மறுநாளும் ஓடினோம். ‘உடற்பயிற்சி’ என்ற சொல் அன்று எங்களுக்கு விளையாட்டு ஆசிரியரின் விசில் மட்டுமே.

எப்போது நிறுத்தினேன் என்று தேதி சொல்ல முடியாது. “பெரிய பொண்ணாயிட்டா, இன்னும் என்ன சைக்கிள்” என்று உறவினர் ஒருவர் சொன்னார். மேல்நிலை வகுப்புக்குத் திண்டிவனம் போகப் பேருந்து வந்தது. பிறகு மருத்துவக் கல்லூரி, மேற்படிப்பு, திருமணம், குழந்தை, கார். யாரும் தடுக்கவில்லை; நானும் விட வேண்டும் என்று விடவில்லை. நம் வாழ்வில் பல இன்பங்கள் இவ்வாறே கழன்று போகின்றன.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அண்ணன் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் அப்பாவின் வண்டி சாத்தியிருந்தது. அவர் மறைந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அண்ணன் மகன் அதற்குப் புது டயரும் பிரேக் கட்டையும் போட்டு வைத்திருந்தான். “ஓட்டிப் பாக்குறீங்களா அத்தை?” என்று கேட்டான்.

மறுநாள் விடியலில் யாரும் பார்க்காத நேரமாகத் தேர்ந்து, வண்டியை உப்பளப் பாதைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். முதல் நூறு அடி கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. மிதிவண்டியும் நீச்சலும் மறக்காது என்று ஊரில் சொல்வதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. பெயர்களையும் தேதிகளையும் மூளை வைத்திருக்கும் முறை வேறு. உடல் பழகிய அசைவுகளை வைத்திருக்கும் முறை வேறு. பின்னதில் சிறுமூளைக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த நினைவு பல்லாண்டு கழிந்தாலும் எளிதில் அழிவதில்லை. இருபத்தேழு ஆண்டுகளாக நான் மறந்திருந்ததை என் உடல் மறக்கவில்லை.

அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. கடிகாரத்தை வீட்டில் விட்டு வந்திருந்தேன். அன்றைய அடிகள் எத்தனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வழி காட்டிய பழைய நூல்

புதுச்சேரிக்குத் திரும்பியதும் இறங்கி ஏற எளிதாக, தாழ்ந்த சட்டமுள்ள வண்டி ஒன்றை வாங்கினேன். முதல் மாதம் வாரத்தில் மூன்று நாள், ஐந்து ஐந்து கிலோமீட்டர். முழங்கால் வலித்தது. வயதின் குற்றம் என்றெண்ணினேன். இருக்கையின் உயரம்தான் குற்றம். இருக்கையில் அமர்ந்து, மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது அதன் மேல் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். அதைவிடத் தாழ்வாக அமர்ந்தால் முழங்கால் மிகுதியாக மடங்கி வலிக்கும். இருக்கையை இரண்டு விரற்கடை உயர்த்தியதும் வலி போயிற்று.

ஓராண்டு கழித்து எங்கள் டயாலிசிஸ் பிரிவின் தொழில்நுட்பர் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, அண்ணன் மகன், நான் என நால்வராக முதல் பயணம் போனோம். ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்டு, காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை வழியே மாலையில் மரக்காணம் சேர்ந்தோம். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து எழும் கடற்காற்று முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. இரவு அண்ணன் வீட்டில் உணவு. ஞாயிறு விடியலில் வடக்கே உப்பளங்களைக் கடந்து, கடப்பாக்கத்தருகே உள்ள ஆலம்பரைக் கோட்டைக்குப் போனோம். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட செங்கல் கோட்டை அது. இன்று உப்பங்கழியைப் பார்த்தபடி மதிற்சுவர்களின் மிச்சம் நிற்கிறது. அங்கே இளநீர் குடித்து நெடுநேரம் பேசிக்கொண்டிருந்ததற்குத் தண்டனையாக, திரும்பும் வழியில் பதினொரு மணிக்குப் பின் அதே கடற்காற்று முகத்தில் அடித்தது. இரண்டு நாளில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இதைச் சாதனையாகச் சொல்லவில்லை. 1923இல் பம்பாயிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்ட இளைஞர் குழுவில் ஆதி ஹக்கிம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் உலகையே சுற்றி 1928இல் ஊர் திரும்பினர். இன்றும் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் கடக்கும் நெடுந்தூரப் பயணங்களில் நம் ஊர் இளைஞர்கள் பலர் ஈடுபடுகின்றனர். எனக்கு அதில் விருப்பம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் நூறு முறை போயிருக்கிறேன். உப்பளம் அப்போது வெள்ளைக் கோடாகக் கடந்து போகும். மிதிவண்டியில் போகையில்தான் எந்தப் பாத்தி சிவந்திருக்கிறது, எந்த வரப்பில் உப்பு குவிந்திருக்கிறது, கழுவேலி ஏரியின் பக்கமிருந்து எந்தப் பறவைகள் வருகின்றன என்று தெரிகிறது. கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்ற செய்தியை நாளிதழில் படித்தவள்தான் நான். ஆனால் பூநாரைக் கூட்டத்தை நின்று பார்த்தது இந்த வண்டியால்தான்.

கோட்டையில் அமர்ந்திருந்தபோது ஆசிரியை ஒரு செய்தி சொன்னார். நாங்கள் இருந்த பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் பெயருக்கு முன்னால் ‘இடைக்கழிநாட்டு நல்லூர்’ என்றே வருகிறது. நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன், பரிசு பெறாத மற்றொரு பாணனுக்கு வழி சொல்லும் நூல் அது. கடற்கரையோரப் பாதையும், உமணரின் உப்பு வண்டிகளும், எயிற்பட்டினமும் அந்த வழியில் வருகின்றன. எயிற்பட்டினமே மரக்காணம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த இலக்கணம் அன்று எனக்கு வேறாகப் புரிந்தது. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிப்படுத்துதல். வழிப்படுத்தும் தகுதி யாருக்கு உண்டு? அந்த வழியில் தாமே நடந்து பயன் பெற்றவருக்கு. “இந்த வழியில் போனேன், இன்ன இடத்தில் இளைப்பாறினேன், இன்ன உணவு கிடைத்தது, நீயும் போ” என்று அவர் சொல்கிறார். போகாதிருப்பவனை அவர் கடிவதில்லை. நானோ போகாத வழியைக் காட்டி, போகாதவர்களைக் கடிந்துகொண்டிருந்தேன்.

உப்பளத்தில் வேலை செய்வோர்

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. நான் மகிழ்ச்சிக்காக மிதிக்கும் அதே பாதையில், விடியுமுன் உப்பு வாரப் போகும் ஆண்களும் பெண்களும் மிதிவண்டியில் செல்கின்றனர். கேரியரில் கஞ்சித் தூக்கு. ஹேண்டில்பாரில் தண்ணீர்ப் பாட்டில். அவர்களுக்கு நான் உடற்பயிற்சி பரிந்துரைப்பது அறியாமை. அவர்கள் உடல் உழைப்பில் குறை இல்லை. நிழலிலும் குடிநீரிலும் ஓய்விலும்தான் குறை. கடும் வெயிலில் நீரிழப்போடு பல ஆண்டுகள் உழைப்பது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதைத் தமிழகத்து உப்பளத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளும் சுட்டியுள்ளன. அருகில் கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். உப்பளத்தில் வேலை செய்பவரோ அவர் குடும்பத்தாரோ இதைப் படித்தால், உங்களுக்கு என் அறிவுரை வேறு: வேலைக்கு நடுவே தாகம் எடுக்குமுன் தண்ணீர் குடியுங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் சோதித்துக்கொள்ளுங்கள், உடல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளைத் தவிருங்கள். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே வண்டி ஒருவருக்கு உழைப்பு, மற்றவருக்கு விடுதலை. இதை நன்கு விளக்கும் நிகழ்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் மிதிவண்டி கற்றலையும் எழுத்தறிவோடு இணைத்தார். வயல் வேலை செய்தவர்கள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் வயது வந்த பிறகு முதன்முதலாக மிதிவண்டி ஏறினர். பெண்களுக்கான வண்டியைவிட ஆண்களுக்கான வண்டியைப் பலர் விரும்பினர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். முன்னே இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது காரணம். தண்ணீர் சுமக்கவும் விளைபொருளை விற்கவும் அந்த வண்டி பயன்பட்டது. பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரம் மிச்சமாயிற்று. ஆயினும் அவர்கள் முதன்மையாகச் சொன்னது வேறு: இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற உணர்வு. அந்தப் பெண்களிடம் எவரும் “மிதித்தால் இதயத்துக்கு நல்லது” என்று சொல்லியிருக்கத் தேவையில்லை.

மருத்துவம் சொல்வதும் என் கருத்தும்

இதயத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் அசைவு பெற வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மிதம் என்றால் பேச முடியும், பாட முடியாது என்ற அளவு மூச்சு. பிரிட்டனில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், வேலைக்கு மிதிவண்டியில் செல்வோருக்கு முன்கூட்டிய மரணத்தின் வாய்ப்பு மற்றவரைவிட 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏற்கெனவே நலமாக இருப்பவர்களே மிதிவண்டி ஓட்ட முன்வருவர் என்பதால் இந்த வேறுபாடு முழுவதையும் வண்டியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் திசை தெளிவு.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இதைப் படித்து “இது நமக்கில்லை” என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வில், டயாலிசிஸ் படுக்கையில் இருந்தபடியே காலால் மிதிக்கும் கருவியை வாரம் மூன்று முறை, ஆறு மாதம் பயன்படுத்தியவர்களுக்கு, நோயால் தடித்திருந்த இதயத் தசையின் பருமன் குறைந்தது. எல்லோருக்கும் இது ஏற்றதன்று, கேட்டுப் பார்க்கலாம்.

என் கருத்து இதுதான். உடல் அசைவை நாங்கள் தண்டனையாக எழுதிக் கொடுக்கிறோம். உப்பைக் குறை, இனிப்பை விடு, பழத்தைத் தவிர், நட. நோயாளியின் வாழ்வில் ஏற்கெனவே விலக்கப்பட்டவை பல. அந்தப் பட்டியலின் இறுதியில் நடையையும் சேர்த்தால் அதுவும் ஓர் இழப்பாகவே தோன்றும். உண்மையில் நாங்கள் ஏதேனும் ஒன்றைத் திருப்பித் தரக்கூடிய ஒரே இடம் அதுதான். ஆகவே “என்ன பயிற்சி செய்கிறீர்கள்?” என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன். “சின்ன வயதில் உடம்பை அசைத்து எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியாது?” என்று கேட்கிறேன். பெரும்பாலோர் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஏதேனும் சொல்வார்கள். பூப்பந்து, கோலாட்டம், ஏரிக்கரை நடை, சிலம்பம், தோட்டம். அங்கிருந்து தொடங்குவோம். வயதுக்கும் நோய்க்கும் ஏற்றபடி அதைச் சிறிதாக்கித் தருவதுதான் மருத்துவரின் வேலை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பிடித்ததைச் செய்ய நேரமும் இடமும் பாதுகாப்பும் வேண்டுமே? வேண்டும்தான். கடற்கரைச் சாலை நான்கு வழியாக அகலமாகி வருகிறது. வண்டிகளின் வேகமும் கூடும். சாலையோரத்தில் மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் தனி இடம் இருந்தால்தான் என் அறிவுரைக்குப் பொருள் உண்டு. சாலை அமைப்பதும் ஒருவகை மருத்துவமே என்று நான் கருதுகிறேன். அதுவரை நான் பெருஞ்சாலையில் பயணம் போவது நல்ல வெளிச்சத்தில், குழுவாக மட்டுமே. அன்றாட ஓட்டம் ஊருக்குள் இருக்கும் சிறு தெருக்களில்.

ஏறுமுன் கவனிக்க வேண்டியவை

மார்பில் வலி அல்லது இறுக்கம், அடிக்கடி மயக்கம், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், அண்மையில் மாரடைப்பு அல்லது ஸ்டென்ட் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரை நோயால் விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளவர்கள் கண் மருத்துவரையும் கேளுங்கள். பாதம் மரத்துப் போனவர்கள் செருப்போடு மிதிக்கக் கூடாது. மூடிய காலணி அணிந்து, வந்ததும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு வழியில் சர்க்கரை தாழலாம். மூன்று தேக்கரண்டி அளவு சர்க்கரை அல்லது குளுக்கோஸைப் பையில் வைத்திருங்கள். கை நடுங்கி வியர்த்தால் நின்று உடனே உண்ணுங்கள்.

டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்களுக்கும், கீழே விழுவது மற்றவர்களைவிடப் பேராபத்து. அவர்களுக்குச் சாலையைவிட வீட்டில் நிலையாக நிற்கும் மிதிவண்டியே ஏற்றது. டயாலிசிஸ் முடிந்த அன்று ஓய்வெடுங்கள். சிறுநீரக மாற்று அறுவை முடிந்தவர்கள் எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை செய்த குழுவே சொல்ல வேண்டும்.

நான் வியர்க்க வியர்க்க உப்பளத்தைக் கடந்து வருவதைப் பார்த்து, “உப்புத் தண்ணி குடிங்க” என்று பலர் அன்போடு சொல்வதுண்டு. ஒரு மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும். நம் உணவில் ஏற்கெனவே தேவைக்கு மேல் உப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பதே உலகச் சுகாதார அமைப்பின் அளவு. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பு வகைகளில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம். நீர் அருந்தும் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் பயிற்சியின் பெயரால் அதை மீற வேண்டாம்.

எல்லோருக்கும் பொதுவானவை: தலைக்கவசம், இரவில் முன்னும் பின்னும் விளக்கு, பளிச்சென்ற உடை, கையில் ஓர் அடையாளச் சீட்டு. முதல் வாரம் பத்து நிமிடம் போதும்.

உடனிருப்பவர்களுக்கு

இறுதியாக அந்தப் பெண்மணியிடம் வருகிறேன். முதல் பயணம் முடிந்து வந்த வாரம், காத்திருப்புக் கூடத்தில் அவர் பக்கத்தில் போய் அமர்ந்து உண்மையைச் சொன்னேன். “அன்னைக்கு நடக்குறேன்னு சொன்னது பொய்ம்மா. இப்பதான் சைக்கிள் ஓட்டுறேன்.” அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நானும் நடக்குறேன்னு உங்ககிட்ட பொய்தான் சொல்லிட்டிருந்தேன் டாக்டரம்மா” என்றார். எங்களிடையே அதுவரை இல்லாத ஒரு நேர்மை அன்று வந்தது.

சின்ன வயதில் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுத் தோழியோடு விடியலில் கடற்கரைக்குப் போய், வலை இழுப்பதைப் பார்த்து, மீன் வாங்கி வருவது என்றார். கணவர் நோயுற்றது முதல் அது நின்றுவிட்டது. அந்தத் தோழி இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். டயாலிசிஸ் இல்லாத நாள்களில் இருவரும் இப்போது மீண்டும் போகின்றனர். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். அவ்வேளையில் கணவருக்கு மகன் துணையிருக்கிறான். அதைக் கேட்கத் தமக்கு உரிமை உண்டு என்று அவருக்குத் தோன்றவே ஆறு ஆண்டுகள் ஆயின.

அவருடைய சர்க்கரை மாயமாய்க் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாத்திரைகள் தொடர்கின்றன, எண் சில மாதம் ஏறுகிறது, சில மாதம் இறங்குகிறது. ஆனால் கணவரின் கோப்போடு தம்முடைய கோப்பையும் இப்போது பையில் எடுத்து வருகிறார். என் இரத்த அழுத்தமும் குறைந்திருக்கிறது, ஒரு மாத்திரையோடுதான்.

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் நீங்கள் உங்களுக்கென அரை மணி நேரம் எடுத்துக்கொள்வது தன்னலம் அன்று. நீங்கள் விழுந்தால் இருவரும் விழுவீர்கள். அடுத்த முறை புறநோயாளிகள் பிரிவுக்கு வரும்போது, எங்களில் எவரேனும் “நடங்கள்” என்று சொன்னால், தயங்காமல் கேளுங்கள்: “நீங்க நடக்குறீங்களா?” பொய் சொல்லாமல் விடை தர நாங்களும் முயல்வோம்.